செருப்பு வெளியே, ஆள் உள்ளே

உன் செருப்பு என் வீட்டு வாசலில் கிடக்கிறது. பழுப்பு நிறம், கட்டைவிரல் பட்டை ஒரு முறை தைக்கப்பட்டது, இடது குதிகால் மட்டும் அதிகம் தேய்ந்தது. காலையில் பால் பாக்கெட் போட வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஊட்டுக்கு யார்னா வந்து கீறாங்களா?” என்றாள். இல்லை என்றேன். அவள் மறுபடி செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நம்பாமல் போனாள்.

என் கணவர் பகுத்தறிவாளர் என்பது உனக்குத் தெரியும். ராகுகாலத்தில் ஸ்கூட்டர் வாங்கியவர். செருப்பு விஷயத்தில் மட்டும் முன்னோர் வழி. போய்ச் சேர்ந்தவர்கள் செருப்பை வாசலில் வைத்திருக்கக் கூடாது, எடுத்து எங்கேயாவது போடு என்கிறார். சரி என்கிறேன். போடவில்லை. நீ பார்த்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய்: “லீக்.” இனி யாருக்கும் பயன்படாத ஒன்றை, யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணத்தில் விடாமல் வைத்திருப்பதற்கு நம் தொழிலில் அதுதான் பெயர்.

நாம் வேலை பார்த்த இடத்தைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே தகரம் வெட்டும் பட்டறை, மேலே கம்ப்யூட்டர் கம்பெனி. கீழே பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேலே நம் மேசையில் டீ நடுங்கும். நீ ஆவடியிலிருந்து வருவாய், நான் கொரட்டூரிலிருந்து. பட்டரவாக்கத்தில் எதிரெதிர் வண்டிகளில் இறங்கி, முதலில் வந்தவள் மற்றவளுக்காக நிற்பாள். நீ நிரல் எழுதுபவள். நான் அந்த நிரலை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுபவள். நீ செய்ததைப் பற்றி நான் எழுதினேன், நாம் இருவரும் செய்ததைப் பற்றி மேனேஜர் பேசினார். எல்லாருக்கும் சம்பளம் வந்தது.

நாம் செய்தது டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் கோளாறு என்ன என்று உள்ளே எட்டிப் பார்க்கும் இன்னொரு நிரல். வெளிநாட்டில் ஒரு கம்பெனி அதை நம்மிடம் கேட்டிருந்தது. மற்றவற்றின் கோளாறைச் சொல்வதற்காகப் பிறந்த அது, தானே நாளுக்கு நாலு தடவை செத்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று கையேட்டின் முகப்பில் போடட்டுமா என்று கேட்டேன். மேனேஜர் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். விட்டுவிட்டேன்.

அது ஏன் செத்தது என்று கையேடு எழுதுபவளுக்குப் புரிகிற மாதிரி நீதான் சொன்னாய். பல நிரல்கள் சேர்ந்து பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகள் உண்டு. எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரத்தை டீபக்கர் அந்தக் கோப்பிலிருந்து படித்தாக வேண்டும். படித்து முடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஆகவே ஒரு தடவைதான் படிக்கும். இரண்டு நிரல்களை இரண்டு ஜன்னலில் திறந்தால், படித்த ஒன்றையே இரண்டுக்கும் காட்டும். சிக்கல் மூடும்போது வந்தது. முதல் ஜன்னலை மூடினால், வேலை முடிந்தது என்று அது கோப்பைத் தூக்கி எறிந்துவிடும். இரண்டாவது ஜன்னல் இல்லாத கோப்பைப் படிக்கப் போய்ச் செத்துவிடும்.

எதையுமே எறியாமல் விட்டுவிடலாமே என்றார் மேனேஜர். விட்டுப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் மெஷின் நிரம்பி மூச்சு முட்டியது. ஆளுக்கொரு பிரதி படித்துக்கொள்ளட்டும் என்றான் ரகு. முதலாளியின் அக்கா மகன், உனக்கு அடுத்த நாற்காலிக்காரன். அதுவும் அதே கதைதான். நீ சொன்னதைத்தான் கடைசியில் செய்தார்கள். கோப்பின் தலையில் ஓர் எண் போடு. எடுப்பவர் ஒன்று கூட்ட வேண்டும், விடுபவர் ஒன்று கழிக்க வேண்டும். கழிக்கும்போது யார் கையில் பூஜ்யம் ஆகிறதோ அவர் எறிய வேண்டும். “எடுக்கறவன் சொல்லிட்டு எடுக்கணும், விடறவன் சொல்லிட்டு விடணும்” என்றாய். “நடுவுல யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்ல.” மனிதர்களிடம் இவ்வளவு குறைவாக எதிர்பார்த்து, அதிலும் ஏமாந்தவளை நான் வேறு பார்த்ததில்லை.

சாவு குறைந்தது. நிற்கவில்லை. முன்பு நாளுக்கு நாலு தடவை, இப்போது வாரத்துக்கு ஒரு தடவை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று அப்போதுதான் தகவல் வந்தது. மேனேஜர் எல்லாரையும் கூட்டி, இந்தக் கோளாறைத் தீர்ப்பவர்தான் வாடிக்கையாளரின் ஊருக்குப் போவார், இரண்டு வருடம், அங்கத்திய சம்பளம் என்று அறிவித்தார். மற்றவர்களுக்கு அது வெளிநாட்டுக் குளிர்கோட்டு. உனக்கு அது வீடு. உன் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் டர்னர். அந்த வருடம் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருடம் கழித்து, போவதற்குத் திருநெல்வேலியிலும் ஒன்றும் இல்லை. காட்டுப்பாக்கத்தில் முள்ளும் கல்லுமாக ஒரு மனையைப் பார்த்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னையும் என்னையும் அங்கே அழைத்துப் போய், கிணறு எங்கே, சமையலறை எங்கே என்று குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். நீ சமையலறைக்குள் நின்றுகொண்டு, ஜன்னல் போதாது என்றாய்.

இந்த இடத்தில் ஏசி அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உனக்கல்ல, உன் செருப்பைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பவர்களுக்கு. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பது அந்தக் காலத்து ஐதீகம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில், இழவு வீடு, கம்ப்யூட்டர் அறை மூன்றுக்கும் ஒரே முறை. கடைசியாகப் போகிறவர் ஏசியை அணைக்கவும் என்று மேனேஜர் கதவில் ஒரு தாள் ஒட்டினார். கடைசி ஆள் தான்தான் என்று யாருக்கும் தெரியாததால் ஏசி விடிய விடிய ஓடியது. ஆகவே பொறுப்பு வாட்ச்மேன் ஏழுமலைக்கு வந்தது. அடிக்கடி கதவைத் திறந்து பார்த்தால் குளிர் வெளியே போய்விடும், அதனால் ஆளைப் பார்க்காதே, செருப்பைப் பார் என்பது உத்தரவு. வாசலில் ஒரு ஜோடி இருந்தாலும் தொடாதே. கடைசி ஜோடியும் போனதும் ஏசி, மெயின் சுவிட்ச் இரண்டையும் அணைத்துப் பூட்டு. எஸ்டேட் வருவதற்கு முன் அந்த மண்ணில் ஏழுமலையின் தாத்தா நெல் போட்டவர். பேரன் அதே மண்ணில் செருப்புக்குக் காவல். முன்னேற்றம் என்றால் இதுதான் என்று நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை.

ரகு புது ஷூ வாங்கியிருந்தான். தோல். வெளியே விட்டால் கீழ்ப் பட்டறைக்காரர்கள் தூக்கிவிடுவார்கள் என்று பயம். பையில் போட்டு உள்ளே எடுத்துப் போய் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வான். எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி வீட்டுக் கால்.

ஒரு சாயங்காலம் நாம் எல்லாரும் கிளம்பிவிட்டோம். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. ஏழுமலை ஏசியை அணைத்தார், மெயினை அணைத்தார், பூட்டினார். ரகு உள்ளே இருந்தான். காலையிலிருந்து அடித்தது எல்லாம் போயிற்று. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிற்று. கீழே பிரஸ் ஓடிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. காலையில் பூட்டைத் திறந்தபோதுதான் வெளியே வந்தான்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் விசாரணை. ஏழுமலையை அனுப்பிவிடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. விசாரணை மரியாதைக்கு. ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று ரகு கத்தினான். ஏழுமலை மேனேஜரைத்தான் பார்த்தார்.

“நீதான சார் சொன்ன, ஆள பாக்காத, செருப்ப பாருன்னு. இவரு ஷூவ பையில போட்டுகினு உள்ள குந்திகினு கீறாரு. எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?”

அப்போதுதான் நீ பேசினாய். “ஏழுமலை அண்ணன் மேல தப்பில்ல சார். உள்ள இருக்கறவர் வெளிய அடையாளம் விடணும். விடலன்னா, கணக்குப்படி அவர் உள்ளயே இல்ல.” சொல்லிவிட்டு அப்படியே நின்றாய். ரகுவை அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாய். பிறகு அனுமதி கேட்காமல் வெளியே போனாய். அவமரியாதை என்று மேனேஜர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்து மகிழ்ந்தேன்.

நீ போனது ரகுவின் பகுதி நிரலைப் பார்க்க. ஓடும் நிரலை எந்தெந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற குறிப்புகளை வைத்திருக்கும் பகுதி அவனுடையது. அந்தக் குறிப்பு ஒவ்வொன்றும் பொதுக் கோப்பின் உள்ளே ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுகூட எண்ணில் ஒன்று கூட்டவில்லை. ஜன்னல்கள் எல்லாம் ஒழுங்காகக் கூட்டிக் கழித்து, பூஜ்யமானதும் கோப்பை எறிந்தன. ரகுவின் குறிப்பு மட்டும் செருப்பில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. மெயின் அணைந்தது. நீ கேட்டபோது அவன் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: “நான் சும்மா பாக்கத்தானே செய்றேன்? எடுத்துக்கலயே?”

திருத்தம் இரண்டே வரி. குறிப்பு போடும்போது ஒன்று கூட்டு, எடுக்கும்போது ஒன்று கழி. ஆனால் நம் ஆபீஸில் ஒரு நிரல் கோப்புக்கு ஒரு சொந்தக்காரர் என்று மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். சொந்தக்காரர் பெயரில்தான் திருத்த முடியும், சொந்தக்காரர் பெயரில்தான் திருப்பி வைக்க முடியும். ஆகவே ரகு எழுந்து நிற்க, நீ அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பெயரில் நுழைந்து, இரண்டு வரியை அடித்தாய். அவன் உன் தோளுக்குப் பின்னால் நின்று டீ குடித்தான். அதற்குப் பிறகு டீபக்கர் சாகவில்லை. ஏழுமலையின் வேலையும் தப்பியது. அந்த ஒரு வாரம் நீ ரயிலை விட்டு இறங்குகிற விதமே வேறு மாதிரி இருந்தது.

வெளிநாட்டுக்காரர் வந்தார். படகு மாதிரி இரண்டு ஷூவை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். ஏழுமலை அதற்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். இரண்டு ஜன்னல், மூன்று ஜன்னல், திறந்தார், மூடினார், எதுவும் சாகவில்லை. யார் தீர்த்தது என்று கேட்டார். மேனேஜர் திருத்தப் பதிவைத் திறந்து காட்டினார். அதில் ரகுவின் பெயர் இருந்தது. வெளிநாட்டுக்காரர் ரகுவின் கையைக் குலுக்கினார். ரகு கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையும் அவன் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீ மேனேஜரிடம் போனாய். நானும் கூடப் போனேன். அவர் கத்தவில்லை. அன்பாகத்தான் சொன்னார். “ஃபைல் அவனோடதும்மா. ரெக்கார்டு அவன் பேர்ல இருக்கு. நான் என்ன பண்ண? அதுவும் இல்லாம, அந்தக் குளிர்ல ஒரு பொண்ணு தனியா... உங்க வீட்ல அனுப்புவாங்களா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” நடந்ததைப் பார்த்தவள் நான் என்றேன். நீங்க மேனுவலப் பாருங்க என்றார். மறுநாள் உன் அப்பாவே வந்தார். சலவைச் சட்டை, கையில் தொழிற்சாலை டிபன் பை. மேனேஜரை ஐயா என்று கூப்பிட்டு, நான் அனுப்புறேன் ஐயா, எனக்கு ஒரு தடையும் இல்ல ஐயா என்று நின்றுகொண்டே சொன்னார். மேனேஜர் அவருக்கு இனிப்பு டப்பா ஒன்று கொடுத்து அனுப்பினார். ரகுவுக்கு விசா வந்த சந்தோஷத்துக்கு வாங்கியது.

உனக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் திருநெல்வேலி வரும். அன்று பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் வந்தது. “ஏட்டி, அவன் செஞ்ச தப்ப நான் திருத்துனேன். திருத்துனது அவன் கணக்குல போயிட்டு. அப்போ தப்பு யாரு கணக்குல?” வண்டி வருகிறதா என்று பார்த்தேன். பதில் தெரியாமல் அல்ல. எண் போடும் யோசனை உன்னுடையது, எண் போட்ட பிறகும் செத்தது, ஆகவே தப்பு உன்னுடையது என்று அதற்குள் ஆபீஸில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

காட்டுப்பாக்கத்து மனை வேறு யாருக்கோ போயிற்று. நீங்கள் அண்ணனூரில், மின்ரயில் பணிமனைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தீர்கள். வேலை முடிந்த ரயில்களை அங்கே கழுவுவார்கள். அந்த ஓசையில் உன் அப்பாவுக்கு நல்ல தூக்கம் வருகிறது என்றாய். தொழிற்சாலைக் காது. நம் கம்பெனி இரண்டு தடவை பெயர் மாற்றிக்கொண்டு, மூன்றாவது தடவை ஆளை மாற்றிக்கொண்டது. உன்னை அனுப்பும்போது கொடுத்த கடிதத்தில் சேவைக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்து. யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும் கடிதம். நீ பூந்தமல்லியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாய். ஒரு தடவை உன் வகுப்புக்கு வந்தேன். வாசலில் வரிசையாகச் செருப்பு. உள்ளே நீ பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதன் தலையில் ஓர் எண் எழுதிக்கொண்டிருந்தாய். பிறகு சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் ஏசி வார்டில் படுத்துக்கொண்டு, என் செருப்பு வெளியே இருக்கா பாரு, இல்லன்னா அணைச்சிருவான் என்றாய். உன் நகைச்சுவை என்னுடையதைவிட மேல். என்னைப்போல் அதைக் கையேட்டில் போடப் பார்க்காததால் கெடவில்லை.

நீ போன அன்று உன் வீட்டு வாசலில் செருப்பு நிறைய இருந்தது. பூந்தமல்லிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். குவார்ட்டர்ஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். ஏழுமலை தலை முழுக்க நரைத்து, டயர் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, உன் கால்மாட்டில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒரு பெரிய கார் சந்துக்குள் வர முடியாமல் முனையில் நின்றது. ரகு. கொஞ்சம் வழுக்கை, நல்ல சட்டை. எப்படித் தெரிந்ததோ, வந்தான். வராமல் இருந்திருந்தால் குறை சொல்வதற்கு எளிதாக இருந்திருக்கும். மாலை பெரியது. உன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தான். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

“உங்க அக்காவ மறக்க முடியாது தம்பி. அந்தக் காலத்துல ஒரு பெரிய பிராப்ளம், யாராலயும் முடியல, நான் சால்வ் பண்ணேன். அன்னிக்கு பூரா என் பக்கத்துலயே உக்காந்து பாத்துகிட்டு இருந்தாங்க.”

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, அவன் நினைவில் நாற்காலியில் அவனே உட்கார்ந்துகொண்டான், டீ டம்ளரோடு பின்னால் நீ போய்விட்டாய். உன் தம்பி தலையாட்டினான். அவனுக்கு என்ன தெரியும்? என் வாயில் எவ்வளவோ வந்தது. நீ படுத்திருக்கும் வீடு. ஒன்றுதான் கேட்டேன்.

“ரகு, உங்க ஷூ எங்க?”

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். “கார்லயே விட்டுட்டு வந்துட்டேன். டிரைவர் பாத்துப்பான். இங்கெல்லாம் வெளிய விட்டா காணாம போயிடும்ங்க.”

அந்த விஷயத்தில் அவன் சொன்னது சரி. உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் வெளியே வந்தேன். என் செருப்பைக் காணவில்லை. கூட்டத்தில் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். வெயிலில் ஸ்டேஷன் வரை எப்படிப் போவது என்று நின்றேன். உன் அம்மா கதவோரம் உட்கார்ந்தபடி, மூலையில் இருந்த உன் ஜோடியைக் காட்டினாள். “போட்டுட்டுப் போம்மா. இனி அவளுக்கு எங்க போவணும்?” போட்டுக்கொண்டேன். ஒரு அளவு பெரியது. கொரட்டூர் வரை அதை இழுத்துக்கொண்டு வந்தேன்.

உன் இரண்டு வரி இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒரு ஜன்னலை மூடுவார், இன்னொரு ஜன்னல் சாகாது, ஏன் சாகவில்லை என்று அவர் யோசிக்க மாட்டார். சாகாததற்கு யாரும் காரணம் தேடுவதில்லை. அந்த வரிகளுக்கு மேலே ரகுவின் பெயர் இருக்கும். அதை மாற்ற என்னிடம் ஒரு வழியும் இல்லை. நான் மேனுவல்காரி.

என்னிடம் இருப்பது இந்த ஜோடிதான். திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் உன் அம்மா மறுபடி அதை மூலையில் பார்க்க வேண்டும். எறியலாம். எறிந்தால், உன் கணக்குப்படி, கடைசி ஒன்றைக் கழித்தவள் நானாக இருப்பேன். அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் ஏசி இல்லை, அணைக்க வாட்ச்மேனும் இல்லை. கணவர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவார். ராகுகாலத்து ஸ்கூட்டருக்கு நான் பழகவில்லையா?

பால்காரப் பெண் நாளைக்கும் கேட்பாள். இருக்கிறாள், உள்ளேதான் இருக்கிறாள் என்று சொல்லிவிடப் போகிறேன். செருப்பு வெளியே இருக்கிறதே.